பதினாறாம் நாளுக்கு அப்புறம்: பயங்கரவாதத்தில் ஆளை இழந்த வீடுகள் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். நான் கோயம்புத்தூரில் மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடி பக்கம் கோட்டையூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் பல வருடம் போய்வந்தவள் என்பதால் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முடிந்ததற்குப் பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: எங்கள் தெருப் பையன் துணை ராணுவத்தில் இருந்தான், காஷ்மீரில் ஒரு தாக்குதலில் போய்விட்டான். நாலு மாதம் ஆகிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருக்கிறேன், அக்கா.

போங்கள் தம்பி, இந்த வாரமே போங்கள். முதல் பதினாறு நாளும் அந்த வீட்டு முகப்பில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. அதிகாரிகள், கட்சிக்காரர்கள், கேமராக்காரர்கள், கேதம் கேட்க வந்த ஊர்சனம் என்று. பதினேழாம் நாள் காலையில் வளவே (வீட்டு உள்முற்றமே) காலியாகக் கிடக்கும். அந்தப் பையனின் அம்மா என்னிடம் பேசினால் இதைத்தான் சொல்வார் என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் நான் போன ஒவ்வொரு வீட்டிலும் இதையேதான் கேட்டேன்.

பேச்சு ஒன்றும் தயார் செய்துகொண்டு போக வேண்டாம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அவர்கள் சொல்லவே மாட்டார்கள். "சனிக்கிழமை சிவகங்கை போறேன், ஆபீஸ்ல கொடுக்க வேண்டிய தாள் இருந்தா கொடுங்க" என்று சொல்லுங்கள். அப்புறம், அவன் பேரைச் சொல்லுங்கள். பேச்சை எடுத்தால் அழுவார்களே என்று பயப்படுகிறோம். நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்கள் அதே நினைப்பில்தான் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவனோடு கண்மாயில் குளித்து அடிவாங்கிய கதை உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். அது அவர்களுக்குத் தெரியாத மகன். இனி அவனைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைக்க உங்களை மாதிரி ஆட்களை விட்டால் வழியில்லை.

"நாட்டுக்காகப் போனான், பெருமைப்படுங்க" என்பதை அந்த அம்மா சொன்னால் ஆமாம் என்று சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்ல வேண்டாம்.

பள்ளத்தூர்: இறந்தவர் பேரில் தெருமுனையில் நினைவுத்தூண் வைக்க இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டிவிட்டோம். அவர் மனைவி வேண்டாம் என்கிறார். திரட்டிய பணத்தை என்ன செய்வது?

பணம் கிடக்கட்டும், முதலில் வேலையை நிறுத்துங்கள். அந்தப் பெண் தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அந்த முனையைத்தானே தாண்டிப் போக வேண்டும்? நார்வேயில் 2011 ஜூலை 22 தாக்குதலில் 77 பேர் இறந்தார்கள், அதில் 69 பேர் உட்டோயா தீவில். எதிர்க்கரையில் ஒரு பெரிய நினைவுச்சின்னம் அமைக்க அரசு தீர்மானித்தபோது அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். அன்று படகில் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்களும் அந்தக் கரையில்தான் இருந்தார்கள். 2017இல் அதைக் கைவிட்டு, வேறு இடத்தில் அமைத்து 2022இல் திறந்தார்கள். பதினோரு வருடம் போனால் போகிறது, நீங்கள் அவசரப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11இல் இறந்தவர்களின் பெயர்களை வெண்கலத்தில் பொறித்திருக்கிறார்கள். அகர வரிசையில் இல்லை. யார் பெயர் யார் பக்கத்தில் வர வேண்டும் என்று குடும்பங்களைக் கேட்டு அடுக்கியிருக்கிறார்கள். சேர்ந்து வேலை பார்த்தவர்கள், சேர்ந்து பயணம் போனவர்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொருவரின் பிறந்தநாளிலும் அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜா வைக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்ததே இந்தப் பிறந்தநாள்தான். செத்த விதத்தை ஊரே பேசியாகிவிட்டது, பிறந்த நாளை வீட்டுக்காரர்கள் மட்டும் நினைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

நம்ம பக்கத்தில் இதற்கு வெளியே போய்க் கற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. நகரத்தார் வீடுகளில் படைப்பு என்று ஒன்று உண்டு. பங்காளிகள் கூடி, முன்னோருக்கு, அதிலும் அகாலமாகப் போனவர்களுக்கு, புதுத்துணி வைத்து, சமைத்துப் படைத்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். தலைமுறை தாண்டியும் பெயர் நிற்கிறது. கல்லும் தூணும் இல்லாமலே நிற்கிறது. அந்தப் பெண்ணிடம் போய் "எப்படிச் செஞ்சா உங்களுக்கு மனசு ஒப்பும்" என்று கேளுங்கள், பதிலுக்கு ஒரு வருடம் ஆனாலும் காத்திருங்கள். பணம் கொடுத்தவர்களிடமும் இதைச் சொல்லி, வேண்டாம் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபிளெக்ஸில் அவர் படத்தோடு உங்கள் படத்தையும் போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

காரைக்குடி: பொதுமக்கள் இறந்தால் அரசு உதவி உண்டா? யாரிடம் போவது?

உண்டு. பயங்கரவாதத் தாக்குதலில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கான மத்திய உள்துறைத் திட்டம் 2008 ஏப்ரலில் வந்தது. முதலில் 3 லட்சமாக இருந்ததை 2016இல் 5 லட்சமாக்கினார்கள். இறந்தவர் குடும்பத்துக்கும், 50 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனம் ஆனவருக்கும் கிடைக்கும். மாவட்ட நிர்வாகம் வழியாகத்தான் போக வேண்டும். பணம் மொத்தமாகக் கையில் வராது, வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டி வரும், அதனால் உடனடிச் செலவுக்கு இதை நம்பக் கூடாது. வேறு நிவாரணம் வாங்கியிருந்தாலே இது கிடையாது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பித் திரும்பிவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். இது தவிர மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகப் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கேட்கலாம், 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். பிள்ளைகளில் யாராவது டாக்டருக்குப் படிக்க நினைத்தால், பயங்கரவாதத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கென்று மத்தியத் தொகுப்பில் எம்பிபிஎஸ் இடங்கள் சில உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை.

துணை ராணுவக் குடும்பம் என்றால் வழி வேறு, படைப்பிரிவே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். 2017இல் தொடங்கிய 'பாரத் கே வீர்' தளம் வழியாக மக்கள் நேரடியாக அந்தக் குடும்பத்தின் கணக்குக்கே பணம் அனுப்பலாம். நடுவில் யார் கையும் படாது. ஊரில் உண்டியல் தூக்குகிறவர்களிடம் கொடுப்பதைவிட எனக்கு அது நிம்மதி.

இன்னொன்று. இறப்புச் சான்றிதழ் சொந்த ஊரில் கிடைக்காது, இறந்த இடத்தில்தான் பதிவாகும். வெளி மாநிலம் என்றால் அதற்கே அலைச்சல். அந்த அலைச்சலுக்கு ஊரில் இந்தி தெரிந்த ஒருவர் பொறுப்பெடுத்தால், மாலை போடுகிற நூறு பேரைவிட அவர் செய்ததுதான் அந்த வீட்டில் நிற்கும்.

புதுவயல்: நான் முஸ்லிம். தாக்குதலில் இறந்தவர் என்னோடு படித்தவர். இந்த நேரத்தில் நான் போனால் அவர்களுக்குச் சங்கடமா?

இதைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை தம்பி. நீங்கள் போகாமல் யார் போவது? கோவையில் 98க்கு அப்புறம், வருடக்கணக்காக ஒன்றாகக் கடை போட்டவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நேரில் பார்த்தேன். குண்டு வைத்தவனுக்கு அதுதானே வேண்டும்.

2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் கொல்லப்பட்ட 26 பேரில் உள்ளூர் முஸ்லிம் ஒருவரும் உண்டு, குதிரை வைத்துப் பிழைத்தவர். கல்யாணமான சில நாளிலேயே கணவரை அங்கே இழந்த ஒரு பெண், இதை வைத்து முஸ்லிம்களையோ காஷ்மீரிகளையோ வெறுக்காதீர்கள் என்று சொன்னார். அப்படிச் சொன்னதற்காக இணையத்தில் அந்தப் பெண்ணையே கேவலமாகத் திட்டினார்கள், தேசிய மகளிர் ஆணையம் கண்டிக்க வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவர் நாம் நினைப்பதைப் பேசினால்தான் இரக்கம் என்றால் அதற்குப் பேர் இரக்கமே இல்லை.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்களோடு சேர்ந்து படித்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பினால் அன்று திரும்பி வந்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி போங்கள்.

கானாடுகாத்தான் ஆசிரியை: மூன்றாம் வகுப்பில் அப்பாவை இப்படி இழந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். வகுப்பில் எப்படி நடந்துகொள்வது?

டீச்சர், "அப்பா தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" இரண்டும் வேண்டாம். முதலாவதைக் கேட்ட பிள்ளை தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்டது வாசலில் போய் நிற்கும். அப்பா இறந்துவிட்டார், திரும்பி வர மாட்டார், இதில் உன் தப்பு எதுவும் இல்லை. இதை மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

நம்ம ஊரில் கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் வெடிதான். பக்கத்தில் வெடி போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிர்பாராத சத்தம்தான் அதிகம் உலுக்கும். "என் அப்பா" என்று கட்டுரை எழுதச் சொல்லும் நாளுக்கு முந்தின நாள், எழுதுகிறாயா, வேறு தலைப்பு வேண்டுமா என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதத்தான் விரும்புவார்கள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் மாதக்கணக்கில் கெட்டுக்கிடந்தால் 14416க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.

நெற்குப்பை: தாக்குதல் வீடியோ வாட்ஸப்பில் வருகிறது.

பார்க்காதீர்கள், அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளை கையிலும் போன் இருக்கிறது. நியூசிலாந்தில் 2019இல் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்று அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் சொன்னார். நானும் அப்படியே.

காரைக்குடி: என் சித்தப்பா மகள் கொழும்பில் இருக்கிறாள். 2019 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் கணவரை இழந்தாள். ஏப்ரல் 21 அன்று போன் செய்தால் அழுகிறாள், செய்யாவிட்டால் கோபம்.

செய்யுங்கள். அழட்டும். அன்று மூன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250 பேருக்கு மேல் போனார்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்பட. எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் பின்னால் இருந்தது யார் என்ற கேள்வியோடுதான் குடும்பங்கள் இருக்கின்றன, அதனால் "கேஸ் என்னாச்சு" என்று நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும். அப்படியானால் அவளுக்கு ஈஸ்டர் ஒன்று, ஏப்ரல் 21 ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு நாள். நம்ம வீடுகளில் திதி ஒரு நாள், டிவியில் காட்டும் தேதி ஒரு நாள் என்று வருகிறதே, அதே மாதிரி. இரண்டு நாளும் பேசுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு பெண்: 2008 நவம்பர் 26 மும்பையில், ரயில் நிலையத்தில் என் கணவர் போனார். பிள்ளையோடு ஊருக்கே வந்துவிட்டேன். நவம்பரில் போன் செய்து அழுகிறவர்கள் தை மாதம் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதில்லை. வைத்தாலும், வராதே என்கிற மாதிரி வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இதை நான் எல்லோரும் படிக்கத்தான் இங்கே போட்டிருக்கிறேன் தங்கச்சி. வருடத்தில் ஒரு நாள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மற்ற நாளெல்லாம் தாலி இல்லாதவள் என்று முகப்போடு நிறுத்துகிறவர்கள் இந்த ஊரில் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

தையில் எங்கள் வீட்டில் என் அண்ணனுக்கு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). உங்கள் முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள். பத்திரிகையோடு நானும் அண்ணியும் வருகிறோம், உங்கள் வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுத்தான் கொடுப்போம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், மாவிலை கட்டவும் பலகாரம் அடுக்கவும் ஆள் வேண்டும்.