‘ஈரானிய விவசாயி 47%’ என்று வந்தால் நாம் ஈரானிலிருந்து வந்தவர்களா?

கேள்வி: எச்சில் அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன். அந்த ஃபைலை இணையத்தில் வம்சக் கலப்பைக் கணக்கிடும் ஒரு கால்குலேட்டரில் போட்டால் ‘ஈரானிய விவசாயி’ 47%, ‘அந்தமான்’ 46%, மீதி ‘ஸ்டெப்பி’ என்று வருகிறது. நாம் இந்த மண்ணின் பூர்வகுடி என்பார் அப்பா. அப்படியானால் என் முன்னோர் ஈரானிலிருந்து வந்தவர்களா? இன்னும் காசு கட்டி ஒய் குரோமோசோம் டெஸ்ட்டும் எடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அந்தப் பெயர்களை உங்கள் முன்னோரின் பெயராகப் படிக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் எந்த மாதிரி இருந்ததோ அதன் பெயர்தான் அது. புடவையை எடுத்துக்கொண்டு மேட்சிங் பிளவுஸ் துணி வாங்கப் போவோமே, அதுபோல. கடையில் இருப்பதில் கிட்டத்தில் வரும் நிறத்தை எடுத்து நீட்டுவார்கள், அசல் நிறம் அந்தக் கடையிலேயே இல்லாமலும் இருக்கலாம். ‘ஈரானிய விவசாயி’ என்றால் பெரும்பாலும் மேற்கு ஈரானின் கஞ்ச் தாரேயில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஆடு வளர்த்தவர்களின் டிஎன்ஏ. ‘அந்தமான்’ என்பது இன்றைய ஒங்கே மக்கள். தென்னாசியாவின் ஆதி வேட்டைக்குடிகளின் கலப்பில்லாத டிஎன்ஏ கைவசம் இல்லாததால், பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்களிடமிருந்து பிரிந்துபோன இந்த உறவுக்காரர்களை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ‘ஸ்டெப்பி’ என்பது மத்திய ஆசியப் பக்கத்துப் புல்வெளிகளில் கால்நடை மேய்த்த பழங்கால மக்கள்.

சரி, ஈரான் விஷயம். ஹரியானாவில் ராக்கிகடி என்ற சிந்துவெளி ஊரின் இடுகாட்டில் 60க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். நம் ஊர் சூட்டுக்கு டிஎன்ஏ தாங்காது, காதுக்குள்ளே பாறை மாதிரி கெட்டியாக இருக்கும் எலும்பில்தான் கொஞ்சமாவது மிஞ்சும். அத்தனை பாடுபட்டும் பயன்படும் அளவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து, தலைமாட்டில் பானைகள் வைத்துப் புதைக்கப்பட்டவள். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி அவளிடம் ஸ்டெப்பி கலப்பு இல்லை. ஈரானிய வகை வம்சம் இருந்தது, ஆனால் அது ஈரான் பீடபூமியின் மக்களிடமிருந்து 12,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது விவசாயம் தொடங்குவதற்கு முன்பே பிரிந்துவிட்ட கிளை! உங்கள் 47% பெரும்பாலும் இந்தக் கிளையோடுதான் சேரும். கஞ்ச் தாரே ஆட்டுக்காரர் உங்களுக்குத் தாத்தா இல்லை, தாத்தாவின் தூரத்துப் பங்காளி.

அப்பா சொல்வதிலும் நிறைய உண்மை இருக்கிறது. இந்த வம்சங்கள் ஒன்றோடொன்று பரவலாகக் கலந்தது ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்த மண்ணில்தான். ஸ்டெப்பி வம்சம் கி.மு. 2000க்குப் பிறகு வந்து சேர்ந்தது. அப்புறம், ‘அப்போ தமிழும் ஈரானிலிருந்து வந்ததா’ என்று சிலர் கிளம்புவார்கள். ரத்தத்தை வைத்து மொழியைச் சொல்ல முடியாது: பலுசிஸ்தானில் பிராகுயி மக்கள் பேசுவது திராவிட மொழி, மரபணுவோ பக்கத்து வீட்டு பலூச்சிகளைப் போலத்தான்.

ஒய் டெஸ்ட் உங்களுக்கு எடுக்கவே முடியாது, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் அந்தக் குரோமோசோம் பெண்களுக்கு இல்லை. அப்பாவோ அண்ணன் தம்பியோதான் எச்சில் தர வேண்டும். தந்தாலும், பத்துத் தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு இருக்கும் 1,024 முன்னோர் இடங்களில் அது சொல்லப்போவது ஒரே ஒருவரின் கதையை. அதற்காகக் காசு கட்ட வேண்டாம் என்பேன். ஆசையாக இருந்தால் அப்பாவுக்கு நீங்கள் எடுத்த அதே டெஸ்ட்டை எடுங்கள், உங்களுக்கு வந்து சேராத அவருடைய பாதியும் அதில் தெரியும். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அத்தை சித்தப்பாக்களின் ரகசியமும் அந்த ஃபைலில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் கால்குலேட்டர் தளத்திலிருந்து இரண்டு ஃபைல்களையும் அழித்துவிடுங்கள்.