பழைய ஜீப்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? கேள்வி பதில்

பழைய ஜீப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விலை கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். வண்டியைப் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

அப்பா ஏலத்தோட்டத்துக்காக வாங்கிய ஜீப் வீட்டில் நிற்கிறது. அவர் அதை ‘ராணுவ வில்லிஸ்’ என்பார். ஆர்.சி. புத்தகத்தில் மஹிந்திரா என்று இருக்கிறது. பானெட் உயரமாக, பெட்டி போல இருக்கிறது. எது உண்மை?
(போடிநாயக்கனூர்)

ஆர்.சி. சொல்வதுதான் உண்மை, அப்பா சொன்னதும் முழுப் பொய்யில்லை. அந்த உயரமான பானெட்டை வைத்தே சொல்லிவிடலாம், உங்களிடம் இருப்பது சி.ஜே.3பி. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த ஜீப்பின் இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருந்தன. அதனால் தலைப்பகுதி தட்டையாக இருக்கும், பானெட்டும் தாழ்வாக இருக்கும். பிறகு வந்த ‘ஹரிகேன்’ இன்ஜினில், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். சக்தி கூடியது, உயரமும் கூடியது, பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. 1953-இல் வில்லிஸ் நிறுவனம் பானெட்டையே உயர்த்தி சி.ஜே.3பி-யை வெளியிட்டது. அமெரிக்காவில் 1968-இல் அதை நிறுத்திவிட்டார்கள். உரிமம் பெற்ற மஹிந்திரா அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே உருவத்தில் செய்துவந்தது. ஜப்பானில் மிட்சுபிஷி 1998 வரை அந்த வழிவந்த ஜீப்பைச் செய்தது.

போர் முனையைப் பார்த்த வண்டி அல்ல, தோட்டத்தில் உழைத்த வண்டி. எனக்கு அதில் மதிப்பு குறைவாகத் தெரியவில்லை.

1944 மாடல் அசல் ராணுவ ஜீப் என்று சொல்லி ஒருவர் விற்கிறார். எப்படிச் சோதிப்பது?
(கோயம்புத்தூர்)

பச்சை பெயின்டையும் வெள்ளை நட்சத்திரத்தையும் பார்க்காதீர்கள். அவற்றை எந்தப் பட்டறையிலும் இரண்டு நாளில் அடித்துத் தருவார்கள். ஒரு டார்ச் லைட்டோடு முன்பக்கம் குனியுங்கள். ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேஸிஸ் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் செய்த எம்.பி. சேஸிஸ், கவிழ்த்த ‘ப’ வடிவில் இருந்தால் ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ. இரண்டு நிறுவனங்களும் ஒரே வடிவமைப்பில்தான் செய்தன என்பதால் உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டுகளின் தலையில்கூட, ஆங்கில ‘எஃப்’ எழுத்தைப் பதித்திருக்கும். துருவைச் சுரண்டி அதைக் கண்டுபிடிப்பது ஒரு தனி சுகம்.

அடுத்து கிரில். போர்க்கால ஜீப்பின் தகட்டு கிரிலில் ஒன்பது பிளவுகள். பிறகு வந்த சிவில் வண்டிகளில் ஏழு. இன்ஜின் தலை தட்டையாக இருக்கிறதா, மின்சாரம் 6 வோல்ட்டா, 12-க்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். வில்லிஸ் சேஸிஸ், ஃபோர்டு ஆக்சில், புதிதாக அடித்த பாடி என்று கலந்து இருந்தால் பயப்பட வேண்டாம், நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும். கலவைக்கு அசல் விலை கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜீப்பைக் கண்டுபிடித்தது வில்லிஸ்தானே?
(மதுரை)

இல்லை. பென்சில்வேனியா மாநிலம் பட்லரில் இருந்த அமெரிக்கன் பான்டம் என்ற சிறிய நிறுவனம்தான் முதல் மாதிரியைச் செய்தது. கார்ல் புரோப்ஸ்ட் வரைந்தார். 49 நாள் கெடுவுக்குள் 1940 செப்டம்பர் 23 அன்று ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. போர் முடிவதற்குள் அந்த இரண்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. பான்டம் செய்தது மூவாயிரத்தைத் தொடவில்லை.

அண்ணா, மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் வாங்கியிருக்கிறேன். 33 அங்குல டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்னால் பெரிய புல் பார் எல்லாம் போட ஆசை. சொல்லுங்கள்.
(ஓசூர்)

தம்பி, ஆசையை அணைக்கப் போவதில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். அந்த வண்டியோடு வந்தது 6.00-16 டயர், உயரம் ஏறத்தாழ 28 அங்குலம். 33-க்குப் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் ஓடும். மீட்டர் 50 காட்டும்போது நீங்கள் 58, 59-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். டிரம் பிரேக்கோ பழைய அளவுதான். பெரிய சக்கரத்தை நிறுத்த அது திணறும். ஏற்றத்தில் இழுவை குறையும். ஸ்பிரிங்கை உயர்த்தினால், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் மூட்டான கிராஸ் சீக்கிரம் தேயும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைப் பார்த்திருப்பீர்கள். தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் தோட்டத்துக்குக் கேரளப் பக்கத்திலிருந்துதான் ஜீப் ஏறுகிறது. பாறையும் பள்ளமுமான அந்த வழியில் தினமும் ஆள் ஏற்றிப் போகிறவர்கள் லோ கியரையும் நல்ல டயரையும் நம்புகிறார்கள், உயரத்தை அல்ல. முதலில் பிரேக், ஸ்டியரிங், குளிரூட்டும் அமைப்பு ஆகிய மூன்றையும் புதுப்பியுங்கள். டயரில் ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள். புல் பார் வேண்டாம்: 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, மோதினால் அடியை நேராக சேஸிஸுக்கும் எதிரே வந்த மனிதருக்கும் கடத்தும் பொருள் அது. கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் கோணியில் கட்டிப் பரணில் வையுங்கள்.

பெட்ரோல் சி.ஜே.3பி-யில் டீசல் இன்ஜின் வைக்கலாமா? பட்டறையில் ‘எல்லாரும் செய்வதுதான்’ என்கிறார்கள்.
(பொள்ளாச்சி)

எல்லாரும் செய்ததுதான், உண்மை. தோட்டங்களில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பாதி ஜீப்புகள் அப்படித்தான் பிழைத்தன. ஆனால் இன்று இரண்டு தடைகள். ஒன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே இன்ஜினை இறக்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பட்டறைக்காரர் வாயால் சொல்வது அனுமதி ஆகாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

இரண்டாவது பொருத்தம். ஆக்சிலுக்குள் சுழற்சியைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். அந்த ஜீப்பில் அதன் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுழலும் டீசலுக்கு அது மிகத் தாழ்வு. 60-க்கு மேல் இன்ஜின் கதறும். கிரவுன் பினியனையும் மாற்று, பிறகு கியர் பெட்டியையும் மாற்று என்று செலவு நீளும். இன்ஜின் ஓடக்கூடியது என்றால் அதையே ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) ஓட்டுங்கள் என்பது என் கட்சி.

மணிக்கு 50 கிலோமீட்டரில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் வெறி பிடித்ததுபோல் ஆடுகிறது. மெக்கானிக் ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்கிறார். இதுவும் சி.ஜே.3பி-தான்.
(கொடைக்கானல், ஆசிரியை)

டேம்பர் என்பது ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற பொருள். அது வேண்டாம் அம்மா, நோயை மறைக்கும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். கிங் பின்னின் இறுக்கத்தை மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. தேவையானதை எடுத்தால் சரியாகும். அடுத்து வண்டியை இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாகத் திருப்ப, இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்கட்டும். பழைய அமைப்பு இன்னும் இருந்தால் முன் ஆக்சிலுக்கு அருகே பெல் கிராங்க் என்ற முக்கோணக் கை தெரியும். சக்கரங்களைத் திருப்பும் டை ராட் நகர்வதற்கு முன் அந்தக் கை மேலும் கீழும் குதித்தால் அதன் பேரிங் போய்விட்டது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்தில் சேஸிஸில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜீப்புக்கும் லேண்ட் ரோவருக்கும் உறவு உண்டா?
(திருச்சி)

நேரடி உறவு. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தன் பண்ணையில் போரில் மிஞ்சிய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்று தேடியதில் பிறந்த லேண்ட் ரோவர் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. முதல் மாதிரி ஜீப் சேஸிஸின் மேல்தான் நின்றது. எஃகுத் தட்டுப்பாட்டால் பாடியை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். அந்த முதல் தலைமுறை வண்டிகளை ஓட்டத்திலேயே பார்க்க வேண்டுமானால் மேற்கு வங்கத்தின் மானேபஞ்சாங்குக்குப் போங்கள். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிப் போகின்றன. பலவற்றில் இன்ஜின் அசல் இல்லை. யார் கவலைப்படுகிறார்கள்?

ராணுவம் ஏலம் விட்ட ஜோங்கா வாங்கலாமா?
(வேலூர்)

பெட்ரோல் பங்க் சொந்தமாக இருந்தால். நிசான் பேட்ரோலின் வழியில் ஜபல்பூரில் செய்தது, நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர்.

ஐம்பது வயது தாண்டிய ஜீப்பை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்தால் லாபமா?
(சென்னை)

2021-இல் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், எண் பலகையில் ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போக நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளட்டும்.

மகள் ஓட்டப் பழகுகிறாள். முதல் கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். கியர் பெட்டி போய்விட்டதா?
(கம்பம்)

போகவில்லை. அந்தப் பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுவதும் நின்ற பிறகு, கிளட்ச்சை மிதித்து ஓரிரு நொடி பொறுத்துப் போடச் சொல்லுங்கள். அப்படியும் சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடலை மிதிக்கும்போது முதலில் வெறுமனே இறங்கும் அளவை அளந்து சரிசெய்யுங்கள்.