பழுதுபார்க்கும் முன் ஐநோடைப் படியுங்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் நிர்வாகக் கணினியில் உபுண்டு (லினக்ஸ்) ஓடுகிறது. மூடப்பட்ட தோட்டங்களின் பழைய உறுப்பினர் பதிவுகளை ஸ்கேன் செய்து வைக்கிறோம். போன வாரம் இடிமழையில், ஸ்கேன் நடக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இப்போது சில படங்கள் 0 பைட் காட்டுகின்றன, சில திறக்கவில்லை. ஒன்றின் தேதி 1970. உடனே எஃப்எஸ்சிகே என்ற வட்டுப் பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம். எஃப்எஸ்சிகே கோப்பு முறைமையின், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பின், கணக்கை நேராக்கும், அவ்வளவுதான். படங்களை மீட்பது அதன் வேலை அல்ல. ஒவ்வொரு கோப்பின் அளவு, நேரங்கள், வட்டில் அது இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் பதிவுதான் ஐநோடு. கணக்கில் ஒட்டாத ஐநோடை எஃப்எஸ்சிகே அழித்தும் விடும். என்ன நடந்தது என்ற தடயம் அந்த ஐநோடில்தான் இருக்கிறது.

முதலில் யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லைவ் உபுண்டுவில் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு வேறொரு வட்டில் முழு நகல் எடுங்கள். தோட்டம் போன பிறகு இந்தப் பதிவுகளுக்கு வேறு சாட்சி கிடையாது, அதனால் இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். இனி எல்லா வேலையும் நகலில்.

சந்தேகப்படும் கோப்பின் மேல் ஐநோடில் உள்ளதைக் காட்டும் 'ஸ்டாட்' கட்டளையை ஓட்டி, அளவையும் பிளாக் (வட்டில் ஒதுக்கிய துண்டு) எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் 0 என்றால் தரவு வட்டுக்கு வந்து சேரவே இல்லை. உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 எழுத வேண்டியதைச் சிறிது நேரம், வழக்கமாக 30 வினாடி வரை, நினைவகத்தில் வைத்திருந்து பிறகுதான் வட்டில் இடம் ஒதுக்கும். பெயர் அதற்கு முன்பே பதிவாகிவிடும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பெயர் மட்டும் மிஞ்சும். இவற்றுக்கு மீட்பு மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். பெயர்களைக் குறித்துக்கொண்டு, காகிதத்தை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லையா? ஸ்டாட் காட்டும் பிளாக் ஒன்று 512 பைட். 2 எம்பி படத்துக்குச் சுமார் 4096 பிளாக் இருக்க வேண்டும். இருந்தால் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, உள்ளே இருப்பதுதான் கெட்டிருக்கிறது. கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பதிவில் ஐ/ஓ பிழை, அதாவது வட்டைப் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை, உண்டா, வட்டு தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாத பகுதிகள்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வட்டே செத்துக்கொண்டிருக்கலாம்.

1970 தேதிக்குப் பயப்பட வேண்டாம். லினக்ஸ் நேரத்தைக் கிரீன்விச் நேரப்படி 1970 தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் ஐநோடின் நேரப் புலம் 0 என்றால் நம் நாட்டில் அது 1970 ஜனவரி 1, காலை 7:30 என்று தெரியும். தீபகற்ப மலேசியாவில் அப்போது கிரீன்விச்சோடு ஏழரை மணி நேர வேறுபாடுதான், 1982-இல்தான் எட்டானது. ஸ்டாட் காட்டும் 'மாடிஃபை' நேரத்தை (உள்ளடக்கம் மாறியது) எந்த மென்பொருளும் மாற்றலாம். 'சேஞ்ச்' நேரத்தை (ஐநோடு மாறியது) சாதாரண மென்பொருளால் விருப்பப்படி எழுத முடியாது. முதலாவது மட்டும் 1970 என்றால் அநேகமாக ஸ்கேன் மென்பொருளின் வேலை. இரண்டுமே 1970 என்றால் கணினிக் கடிகாரம் அல்லது ஐநோடு கெட்டிருக்கலாம்.

ஸ்டாட்டே பிழை சொன்னால், கோப்பு முறைமையின் உள்ளே பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ்ஸில் ஐநோடு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தனியாக அனுமதி கொடுக்காதவரை அது எதையும் எழுதாது.

அப்புறம் எஃப்எஸ்சிகே. முன்னதாக, எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஐநோடு எண்ணையும் ஒரு பட்டியலாக வேறு வட்டில் சேமியுங்கள். முதலில் 'மைனஸ் என்' (-n) போட்டு, எதையும் மாற்றாமல் என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். பிறகு நகலில் நிஜமாக ஓட்டுங்கள். எந்தக் கோப்புறையிலும் சேராத அநாதைக் கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்புறையில் பெயரில்லாமல், ஐநோடு எண்ணோடு வந்து விழும். அந்த எண் பட்டியலில் இருந்தால் எது யாருடைய பதிவு என்று தெரியும்.