சொல் தெரிகிறது, சங்கதி நழுவுகிறது

வணக்கம் நண்பரே. இலக்கணம் பிரச்சினையில்லை, ஆனால் ஆங்கிலத் தலையங்கமும் நகைச்சுவைத் தொடரும் பாதி புரிவதில்லை, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த சொற்களும் நிற்பதில்லை என்கிறீர்கள்.

முதலில் அந்தப் பட்டியலைத் தூரப் போடுங்கள். நாவல், நாளிதழ் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். உங்களுக்கு மிச்சமிருப்பவை அரிதாக வரும் சொற்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால்தான் ஒட்டும். அதனால் ஒரு தேர்தலையோ வழக்கையோ பிடித்துக்கொண்டு சில வாரம் அதையே படியுங்கள். அதே சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். குறிக்கும்போது ஜோடியாகக் குறியுங்கள்: மழை என்றால் ‘ஹெவி’, காற்று என்றால் ‘ஸ்ட்ராங்’.

அப்புறம் பண்பாடு. உங்களை இடறுவது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். ஏதாவது ஊழல் வெடித்தால் அதன் பெயரோடு ‘கேட்’ என்று ஒட்டுகிறார்களே, ஏன்? 1972-இல் வாஷிங்டனின் வாட்டர்கேட் வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்து மாட்டிக்கொண்டார்கள். அதை மூடி மறைக்கப்போய் 1974-இல் அதிபர் நிக்சன் பதவியையே இழந்தார். இந்தக் கதை தெரியாவிட்டால் அகராதி கைகொடுக்காது. ‘வாட்டர்லூ’ என்று வந்தால் மீள முடியாத தோல்வி என்று பொருள்; 1815-இல் நெப்போலியன் தோற்ற இடம் அது. அமெரிக்க எழுத்தில் ‘கர்வ்பால்’ (வளைந்து வரும் பந்து; எதிர்பாராத சிக்கல் என்ற பொருளில் வரும்) மாதிரி பேஸ்பால் பேச்சு ஏராளம். அந்த ஆட்டத்தின் விதிகளை ஒருமுறை மேலோட்டமாகப் படித்துவிடுங்கள், போதும்.

தொடர்களை ஆங்கில வசனவரியோடு பாருங்கள். கூட்டம் சிரித்து உங்களுக்குச் சிரிப்பு வராத இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு வரியை மட்டும் தேடுங்கள்.