இரண்டு குரல்களில் எதைக் கேட்பார் விமானி?

கோத்தகிரியில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் வந்த கேள்விகளும், ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவரின் பதில்களும்.

குன்னூர் கல்லூரி மாணவர்: சார், விமானங்கள் நடுவானில் மோதாமல் தடுக்கும் டிகாஸ் கருவி எப்படி வேலை செய்கிறது?

தரையிலுள்ள ரேடாரை அது நம்பியிருப்பதில்லை தம்பி. எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது கேட்டால் பதில் அனுப்பும் ரேடியோ கருவியை, நேரடியாகக் கேட்டு, தூரத்தையும் உயரத்தையும் தெரிந்துகொள்ளும். முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று சொல்லும். அப்போது விமானி வெளியே பார்த்துத் தயாராக வேண்டும். பாதையை மாற்றக் கூடாது. ஆபத்து இன்னும் நெருங்கினால் "கிளைம்ப், கிளைம்ப்" அல்லது "டிசென்ட், டிசென்ட்" என்று கட்டளை வரும். இதுதான் ஆர்.ஏ., அதாவது ரெசல்யூஷன் அட்வைசரி. இதற்கு 5 வினாடிக்குள் கீழ்ப்படிய வேண்டும். வழக்கமாக நிமிடத்துக்கு 1,500 அடி ஏற்றமோ இறக்கமோ போதும். வெடுக்கென்று இழுக்கத் தேவையில்லை.

கட்டபெட்டு தேயிலை விவசாயி: இரண்டையும் ஒரே நேரத்தில் ஏறச் சொல்லிவிட்டால்?

தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் கூடையோடு இருவர் எதிரெதிரே வந்து, இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அந்தப் பயம்தானே? இரண்டு விமானத்திலும் கருவி இருந்தால் அவை தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். ஒன்றை ஏறச் சொன்னால் மற்றதை இறங்கச் சொல்லும்.

ஊட்டி ஆசிரியை: கருவி ஏறச் சொல்கிறது, நீங்கள் இறங்கச் சொல்கிறீர்கள். விமானி யார் பேச்சைக் கேட்பார்?

கருவியின் பேச்சைத்தான் அம்மா. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபெர்லிங்கன் வானில் இந்தக் கேள்விக்கு 71 உயிர்கள் போயின. ரஷ்ய டுபொலேவ் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். கருவி ஏறச் சொன்னது. விமானிகள் இறங்கினார்கள். எதிரே வந்த போயிங் சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. டுபொலேவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கட்டுப்பாட்டாளர் தனி ஆளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொலைபேசி இணைப்பும் பராமரிப்பில் இருந்தது. அவர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

அதே ஆசிரியை: அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

விமானி "டிகாஸ் ஆர்.ஏ." என்றதும் "ராஜர்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு மழைக்கால இரவில் அது நேர்ந்தது. திரையில் இரண்டு புள்ளிகள், பக்கத்தில் எச்சரிக்கை மின்னுகிறது. "ராஜர்" என்றேன். மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்து, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டேன். "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்", அதாவது ஆபத்து நீங்கியது என்று விமானி சொல்லும்வரை உள்ளங்கை வேர்த்தது. உதவத் துடிக்கும் நேரத்தில் பேசாமலிருப்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினமானது.

ஆர்.ஏ. வரும் முன் எங்கள் திரையில் எச்சரிக்கை வந்தால் கட்டளையிடுவது எங்கள் கடமை. கடைசி நேரமென்றால் இடமோ வலமோ திருப்பச் சொல்வதையே நான் விரும்புவேன். டிகாஸ் தருவது மேல், கீழ் கட்டளை மட்டும். திருப்பச் சொன்னால் அதற்கு எதிராகப் போகாது.

கூடலூர் ஓட்டுநர்: பனிமூட்டத்தில் மலையைக் காட்டுமா சார்?

காட்டாது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா எதிரே நின்றாலும் டிகாஸுக்குத் தெரியாது. மலையிடம் டிரான்ஸ்பாண்டர் இல்லையே. தரை நெருங்குவதை எச்சரிக்க வேறு கருவி இருக்கிறது, அதன் குரலுக்குத்தான் முதலிடம். தரைக்கு 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் ஏறு, இறங்கு என்று சொல்வதையே நிறுத்திக்கொள்ளும்.

குன்னூர் மாணவர்: இந்தியாவில் இது கட்டாயமா?

ஆம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு கட்டாயமாக்கினார்கள். அன்று இரண்டிலும் இந்தக் கருவி இல்லை.

கூடலூர் ஓட்டுநர்: எதிரே வருபவர் டிரான்ஸ்பாண்டரை அணைத்திருந்தால்?

கருவிக்கு அவர் இருப்பதே தெரியாது. 2006 செப்டம்பரில் பிரேசில் காட்டின் மேலே அதுதான் நடந்தது. சிறிய ஜெட் ஒன்றின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை. எச்சரிக்கையே இல்லாமல் போயிங்கோடு உரசியது. சிறிய விமானம் சிதைந்த இறக்கையோடு இறங்கிவிட்டது. போயிங்கில் இருந்த 154 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.