ஐவன் மிலாட் வழக்கு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: யார் இந்த மிலாட்? பெயர் மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில்: ஆஸ்திரேலியாவின் தொடர் கொலைகாரன். 1944-இல் சிட்னியில் பிறந்தவன். குரோவேஷியாவிலிருந்து குடியேறியவரின் 14 பிள்ளைகளில் ஒருவன். சாலைப் பணிகளில் வேலை பார்த்தவன். ஹியூம் நெடுஞ்சாலையில் லிஃப்ட் கேட்டு நின்ற 7 பேரை 1989 டிசம்பருக்கும் 1992 ஏப்ரலுக்கும் இடையில் கொன்றான். மூவர் ஜெர்மானியர், இருவர் பிரிட்டிஷ் பெண்கள், இருவர் விக்டோரியா மாநிலத்தவர். எல்லாருக்கும் 19 முதல் 22 வயதுதான். உடல்கள் கிடைத்தது பெலாங்லோ அரசுக் காட்டில், 1992 செப்டம்பருக்கும் 1993 நவம்பருக்கும் இடையில்.

கேள்வி: ஒருவர் தப்பி வந்து புகார் கொடுத்தாராமே? பிறகும் பிடிக்க ஏன் நான்கு வருஷம் ஆயிற்று?

பதில்: இந்த வழக்கில் என் மனம் ஆறாத இடம் இதுதான். 1990 ஜனவரி 25 அன்று பால் அனியன்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞரைச் சிட்னியின் புறநகரான காசுலாவில் வண்டியில் ஏற்றிக்கொண்டவன், தன் பெயர் 'பில்' என்றான். பெலாங்லோவை நெருங்கும்போது வண்டியை ஓரங்கட்டி, கைத்துப்பாக்கியையும் கயிற்றையும் எடுத்தான். அனியன்ஸ் குதித்து, பாய்ந்து வரும் வண்டிகளுக்கு நடுவே ஓடி, ஒரு பெண் ஓட்டி வந்த வேனை மறித்து ஏறித் தப்பினார். அன்றே பக்கத்து ஊரான பவ்ரலின் காவல் நிலையத்தில் புகார் பதிவானது.

அந்தப் புகார் அப்படியே கிடந்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: விக்டோரியா ஜோடி மட்டும்தான் அதற்கு முன் காணாமல் போனது. மற்ற ஐவரும் புகாருக்குப் பிறகு இறந்தவர்கள்.

உடல்கள் கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு 1993 நவம்பரில் அனியன்ஸ் பிரிட்டனிலிருந்து போன் செய்தார். ஆயிரக்கணக்கான தகவல்களுக்கு நடுவே அந்தக் குறிப்பும் புதைந்து, 1994 ஏப்ரலில்தான் ஒரு துப்பறிவாளர் கண்ணில் பட்டது. பவ்ரல் கோப்பைத் தேடினால் மூலப் புகாரையே காணோம்! அன்று பணியிலிருந்த காவலர் தன் நோட்டுப்புத்தகத்தில் விவரமாக எழுதி வைத்திருந்ததுதான் கைகொடுத்தது. மே மாதம் அனியன்ஸ் சிட்னிக்கு வந்து, படங்களிலிருந்து மிலாட்டை அடையாளம் காட்டினார். மே 22 அதிகாலையில், சுமார் 50 போலீசார் சிட்னி புறநகரான ஈகிள் வேலில் இருந்த அவன் வீட்டைச் சூழ்ந்து அவனைக் கைது செய்தார்கள்.

கேள்வி: முழுத் துப்பாக்கி கிடைக்காமல், காட்டில் கிடந்த தோட்டாக்கள் அவனுடைய துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று எப்படிக் கண்டார்கள்?

பதில்: வீட்டுச் சுவரின் உட்குழிவில் ரூகர் 10/22 ரைஃபிளின் உறுப்புகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன, முக்கியமானது போல்ட், அதாவது குழலின் பின்புறத்தை அடைத்துத் தோட்டாவைப் பிடித்திருக்கும் நகரும் பாகம். குண்டின் மேல் விழும் வரிக்கோடுகளை ஒப்பிடத்தான் குழல் வேண்டும். வெளியே தெறித்து விழும் காலித் தோட்டாவுக்குக் குழல் தேவையில்லை. பாயின்ட் 22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்பில் இருக்கும். சுடும் ஊசி அந்த விளிம்பைக் குத்தும்போது ஒரு பள்ளம் விழும். தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியும் கீறல் விடும். ஊசி, கொக்கி இரண்டும் போல்ட்டோடு சேர்ந்தவை. பரிசோதனைக்காகச் சுட்ட தோட்டாவின் தடங்கள், காட்டில் பொறுக்கியவற்றோடு ஒத்துப்போயின.

கூடவே, கொல்லப்பட்டவர்களின் தூக்கப் பைகளும் கூடாரமும் ஒலிம்பஸ் கேமராவும் அவன் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் அகப்பட்டன. துப்பாக்கி வேறொருவருடையது என்று வாதாடலாம். இத்தனை பேருடைய சாமான்கள் எப்படி வந்தன என்பதற்கு அவனிடம் ஏற்கத்தக்க விளக்கம் இல்லை.

கேள்வி: தம்பிமார்தான் செய்தார்கள் என்று வாதாடினார்களாமே?

பதில்: ஆமாம், அதுதான் தற்காப்பு வாதம். ஜூரி எனப்படும் நடுவர் குழு ஏற்கவில்லை. 1996 ஜூலை 27 அன்று தீர்ப்பு: 7 கொலைகளுக்கு 7 ஆயுள், பரோல் கிடையாது, அனியன்ஸைத் தாக்கியதற்குத் தனித் தண்டனை. இன்னொருவர் துணையிருந்திருக்க வேண்டும் என்பது நீதிபதி ஹன்ட்டின் கருத்து. ஆனால் வேறு எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

கேள்வி: முன்பே குற்றப் பின்னணி உண்டா?

பதில்: உண்டு. 1971-இல் லிஃப்ட் கேட்ட இரு பெண்களை ஏற்றிச்சென்று, ஒருவரை வன்புணர்ந்ததாகக் குற்றச்சாட்டு. நியூசிலாந்துக்கு ஓடித் திரும்பியவன் 1974-இல் அந்த வழக்கிலிருந்து விடுதலையானான்.

கேள்வி: சிறையில் விரலை வெட்டிக்கொண்டது உண்மையா?

பதில்: உண்மை. 2009 ஜனவரியில் பிளாஸ்டிக் கத்தியால் சுண்டுவிரலைத் துண்டித்தான். அதை உயர் நீதிமன்றத்துக்குத் தபாலில் அனுப்ப நினைத்தான். அதற்கு முன்பே, 1997-இல் மெய்ட்லாண்ட் சிறையிலிருந்து தப்ப முயன்று பிடிபட்டதும் கோல்பர்ன் சிறைக்கு மாற்றப்பட்டிருந்தான். 2019 அக்டோபர் 27 அன்று புற்றுநோயால் இறந்தான். குற்றத்தைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.