எட்டாவது சர்வர்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டராக இருக்கிறேன். கோடிங் இழுத்துக்கொண்டே போனதில், டெஸ்டிங்குக்கு ஒதுக்கிய மூன்று வாரம் நான்கு நாளாகிவிட்டது. ‘கிளையன்ட்டிடம் தேதி சொல்லியாச்சு, பிழைகளை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார் மேனேஜர். ஒத்துப்போவதா, எதிர்த்துச் சொல்வதா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லுங்கள். ஆனால் ‘முடியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று சிறு முதலீட்டாளர்களுக்காகப் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தேதி சந்தை வைத்தது. நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் அதற்குள் எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையே அங்கு இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே கைவிட்ட ஒரு நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கிய அதே ஃபிளாக்கைத்தான், அதாவது சுவிட்ச் போன்ற குறியைத்தான், புது நிரலுக்கும் எடுத்திருந்தார்கள். சந்தை திறந்ததும் பழையது விழித்துக்கொண்டு ஆர்டர்களை வாரி இறைத்தது. பதற்றத்தில், ஒழுங்காக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை நீக்கினார்கள். இப்போது எட்டிலும் பழையதே ஓடியது. சுமார் 45 நிமிடம் நீடித்த அந்த வினையின் நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. சந்தை திறக்கும் முன்பே கோளாறைக் காட்டி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் வந்திருந்தன. யாரும் கவனிக்கவில்லை.

எட்டிலும் ஏறிவிட்டதா என்று பார்க்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அதற்காகத் தேதியைத் தள்ளியிருக்க வேண்டியதில்லை. இதுதான் என்னை வருத்துகிறது.

எனவே நான்கு நாளில் எதைச் சோதிக்க முடியும், எது விடுபடும் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். ‘போதிய டெஸ்டிங் இல்லை’ என்றால் யாருக்கும் உறைக்காது. ‘ரீஃபண்ட் பகுதியில் ஒரு டெஸ்ட் கேஸ்கூட ஓட்டவில்லை’ என்று எழுதுங்கள். தேதி நகராது என்றால், இரண்டு வசதிகளை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளச் சொல்லுங்கள். கிளையன்ட் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பணம் தொடும் இடங்களையும், பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக்கையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரோல்பேக்கை ரிலீஸுக்கு முன் ஒருமுறை செய்தே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேரமில்லாமல் ஓட்டாத கேஸ்களுக்கும் நான் ‘பாஸ்’ போட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே போட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. ஓட்டாத கேஸ்களின் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். நிரப்பச் சொன்னால், அதை மட்டும் மறுத்துவிடுங்கள்.